கடைசிப் பெயர் என்ற கட்டம்

'படிவத்தின் எந்தக் கட்டமும் வெறுமையாக விடப்படலாகாது. குறிப்பிட ஏதும் இல்லாத இடத்தில் பொருந்தாது என்று எழுத வேண்டும்.' நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லாப் படிவங்களின் அடியிலும் இந்த இரண்டு வரிகள் இருக்கும். காரணம் எளிது. வெறுமையாக விட்ட கட்டத்தில் பின்னால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நான் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் காலிக் கட்டத்தோடு என் மேசையைத் தாண்டிய படிவம் ஒன்றுகூடக் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்று திண்டுக்கல் வீட்டில் உட்கார்ந்தபோதும் அந்த விதி என்னோடு ஓய்வு பெறவில்லை. அது எங்கும் செல்லுபடியாகும் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். நடந்தது விதியின் குற்றம் அல்ல.

என் மனைவியின் தங்கைக்கு நிலக்கோட்டையில் பூக்கடை. விடிந்ததும் சந்தையில் மல்லிகை எடுப்பதும் வேன் ஓட்டுவதும் அவள் கணவர் வேலை. கட்ட ஆள் பிடிப்பது, விலை பேசுவது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை. ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம். தான் முந்தின நாள்தான் வந்து இறங்க முடியும். மாலை, சரம், பந்தலுக்குப் பூ எல்லாம் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்தது. அவர் பத்துப் பேரிடம் சொன்னார். அந்தப் பத்துப் பேரும் அவரவர் ஊர் நேரப்படி கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதிப் பேச்சு வரும்போதே இணைப்பு அறுந்துபோகும். எந்தத் தேதி, எத்தனை மாலை என்பது கடலில் விழுந்துவிடும்.

ஒரு நாள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், எனக்கு ஒரு வெப்சைட்டு வேணும்."

"அது என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. படிச்ச ஆளு நீங்க எதுக்கு இருக்கீங்க?"

எங்கள் ஊர் பேகம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதன் உரிமையாளரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். அதற்கு முன் அவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர். பழைய கண்ணாடிக் கூண்டுகளை இடிக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டரை நுழைத்திருந்தார். உள்ளே உட்கார்ந்தால் முழங்கை கண்ணாடியில் இடிக்கும். கூண்டின் மேலே 'சுருக்கமாகப் பேசவும்' என்ற பழைய வாசகம் அப்படியே இருந்தது.

கொழுந்தியாளையும் கூட்டிக்கொண்டு போய், செலவு எவ்வளவு என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் சொன்னார்.

"பேரு தனி சார்."

"பேரு இல்லாம சைட்டு எப்படி பாய் இருக்கும்?"

"இருக்கும் சார். இருக்கறது யாருக்கும் தெரியாது, அம்புட்டுத்தான்."

"சரி. பேரும் வாங்கிட்டா முடிஞ்சுதா?"

"அத வைக்கிறதுக்கு எடம் தனி. வருசா வருசம் கட்டணும்."

"வாடகையா?"

"வாடகைதான் சார். வீட்டுக்காரரு யாருன்னுதான் தெரியாது. அமெரிக்காங்கறாங்க."

அலுவலகத்தில் இதற்குத் திருத்திய மதிப்பீடு என்று பெயர். பாலம் கட்டும்போது வரும், கட்டிடத்துக்கு வரும். பூ விற்பதற்கும் வரும் என்று அன்று தெரிந்தது. டாலரில் கட்ட வேண்டும். அதற்கு கிரெடிட் கார்டு வேண்டும். எங்கள் மூவரிடமும் அது இல்லை. பாயின் மச்சான் சென்னையில் வைத்திருந்தார். அவர் கார்டுக்கு ஒரு சிறு தொகை. படம் ஏற்ற ஒரு தொகை. ஏற்றும்போது கரண்ட் போய்விட்டால் மறுபடி ஏற்ற இன்னொரு தொகை. போனது மின்வாரியத்தின் கரண்ட், நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பாய் யோசித்து அதைத் தள்ளுபடி செய்தார். நியாயமான மனிதர்.

பெயரைப் பதிவு செய்யும் படிவம் திரையில் வந்தது. முழுக்க ஆங்கிலம். யார் பெயரில் என்ற கேள்வி எழுந்தபோது கொழுந்தியாள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"உங்க பேருலயே போடுங்க அத்தான். நாளைக்கு ஒருத்தன் இங்கிலீசுல கேள்வி கேட்டா நானா பதில் சொல்றது?"

அவள் கடை, அவள் உழைப்பு, என் பெயர். அப்போது அது எனக்கு இயல்பாகத்தான் பட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் பெயர் என்று ஒரு கட்டம். தலைப்பெழுத்தோடு என் பெயரைச் சொன்னேன். அடுத்து கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது என்று அர்த்தம். எனக்கு இருப்பது ஒரே பெயர். அதற்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து. பின்னால் எதுவும் இல்லை. சாதிப் பெயரைப் போடும் வழக்கத்தை எங்கள் வீட்டில் அப்பாவே விட்டுவிட்டார்.

"அப்பா பேரப் போடுங்க சார். எல்லாரும் அதான் போடுறாங்க" என்றார் பாய்.

"அது எங்கப்பா பேரு பாய். எம்பேரு இல்ல. தப்பான தகவல் ஆயிரும்."

"அப்ப இனிஷியல மட்டும் இதுல தட்டுறேன்."

தட்டினார். ஒற்றை எழுத்தைப் படிவம் ஏற்கவில்லை.

"விடுங்க. அந்தக் கட்டத்துல நாட் அப்ளிகபிள்னு அடிங்க" என்றேன்.

பாய் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அடிச்சுரவா சார்?"

"அடிங்க. விதி அதுதான்."

படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இயந்திரத்துக்கே விதி தெரிகிறது பாருங்கள் என்று கொழுந்தியாளிடம் சொன்னேன். அடுத்த நிமிடமே ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள திரு. நாட் அப்ளிகபிள், எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று தொடங்கியது. பாய் அதை அச்செடுத்துக் கொடுத்தார். அதற்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று உண்டு. வீட்டில் படித்துக் காட்டியதுதான் நான் செய்த பிழை. அன்றிலிருந்து என் மனைவிக்கு நான் நாட் அப்ளிகபிள் ஆனேன். "நாட் அப்ளிகபிளு, காப்பி ஆறுது." "நாட் அப்ளிகபிளு, கேஸ்காரன் வந்திருக்கான், செத்த எந்திரிங்க." நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

தொழில் நன்றாகவே நடந்தது. வேனின் இரண்டு பக்கமும் வெப்சைட் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். மாலை வைத்து அனுப்பும் அட்டைப் பெட்டிகளில் அச்சடித்தார்கள். லண்டனிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு, துபாயிலிருந்து அம்மாவின் திதிக்கு என்று ஆர்டர்கள் வந்தன. வாரம் இரண்டு நாள் பேகம்பூர் போய் ஆர்டர்களை அச்செடுத்து, தொலைபேசியில் அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த தபால் பிரிவு அது.

முதல் மார்கழியில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பனிக் காலத்தில் மல்லிகை பூப்பதே குறைவு. சந்தையில் விலை எங்கோ போய் நிற்கும். நிலக்கோட்டையில் சிறுபிள்ளைக்கும் இது தெரியும். வெப்சைட்டுக்குத் தெரியாது. அது சித்திரையில் எடுத்த படத்தைக் காட்டி, சித்திரை விலையைச் சொல்லி, அமெரிக்காக்காரரிடம் பணத்தையும் வாங்கி வைத்துவிட்டது. படத்தில் இருக்கும் கனத்திலேயே மாலை வேண்டும் என்று அவர் கேட்டார். கொழுந்தியாள் நஷ்டத்தில் கட்டி அனுப்பினாள். பிறகு 'விலை அன்றைய சந்தை நிலவரப்படி' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அந்த ஒரு வரிக்கும் பாயிடம் தனித் தொகை உண்டு.

மூன்று வருடம் கழித்து, மார்கழி பிறந்து பத்து நாள் ஆனபோது ஒரு காலையில் கூப்பிட்டாள்.

"அத்தான், சிங்கப்பூர் அண்ணன் போன் பண்ணுனாரு. நம்ம சைட்டத் தொறந்தா எவனோ சீட்டாடக் கூப்புடுறானாம்."

பேகம்பூருக்கு ஓடினேன். உண்மைதான். மல்லிகைச் சரம் இருந்த இடத்தில் சீட்டுக்கட்டு. பாய் ஒரு மணி நேரம் தோண்டியதில் விவரம் வெளியே வந்தது. இதுவரை மச்சானின் கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த வருட வாடகை, அவர் கார்டை மாற்றியதால் இந்த முறை போகாமல், கட்டும் நாள் தாண்டிவிட்டது. பெயரைப் பதிந்த அமெரிக்க நிறுவனம் மூன்று நினைவூட்டுகள் அனுப்பியிருக்கிறது. பதிவின்போது பாய் எனக்கென்று தொடங்கிய இலவச மின்னஞ்சல் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறது. ஆர்டர்கள் வேறு பெட்டிக்கு வந்துகொண்டிருந்ததால் அதை யாரும் திறக்கவில்லை. திறக்காத பெட்டியை அதன் சொந்தக்காரர்கள் மூடியே விட்டார்கள். ஆளில்லாத வீட்டுக்கு மூன்று நோட்டீஸ். ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்ட வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. பின்கோடு முதற்கொண்டு என் முகவரி அவர்களிடம் இருந்தது; ஒரு தபால் தலைக்கு அவர்கள் மனம் வரவில்லை.

பெயர் இன்னும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருந்தது; சீட்டுக்கட்டு அவர்கள் ஒட்டிய விளம்பரம். திருப்பிக் கேட்டால் கொடுப்பார்கள். அதற்கு மீட்புக் கட்டணம், வருட வாடகையைப் போலப் பல மடங்கு. அதையாவது பொறுக்கலாம். கார்டு ஒருவர் பெயரில், பதிவு இன்னொருவர் பெயரில் இருப்பதால் உரிமையாளர் தன்னை நிரூபிக்க வேண்டும். பதிவில் உள்ளபடியே முழுப் பெயரும் இருக்கும் அடையாள அட்டை வேண்டும். முதல் பெயர் நான். கடைசிப் பெயர் நாட் அப்ளிகபிள். கெடு தை பத்து. அதைத் தாண்டினால் பெயர் பொது விற்பனைக்குப் போகும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். வருடம் முழுக்க அவள் காத்திருப்பது அந்த ஒரு மாதத்துக்குத்தான். வெளிநாட்டு ஆட்களில் பாதிப் பேரின் தொலைபேசி எண்கூட அவளிடம் இல்லை. அந்தப் பெயரைத் தட்டித்தான் அவர்கள் அவளைக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் அவள் பேகம்பூருக்கே நேரில் வந்தாள். மூன்று பேரும் ஒரு கண்ணாடிக் கூண்டின் வாசலில் நின்றோம். பாய் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க ஓட்டர் ஐ.டி.ய ஸ்கேன் பண்ணி, பேருக்குப் பின்னால அந்த ரெண்டு வார்த்தையச் சேத்துரலாம். அஞ்சு நிமிச வேலை. அவன் அங்கருந்து வந்தா பாக்கப் போறான்?"

"செஞ்சுருங்க பாய்" என்றாள் கொழுந்தியாள்.

"கூடாது" என்றேன்.

"ஏன் அத்தான்?"

"அரசாங்க அட்டைல கை வைக்கிறது குற்றம். அந்த மாதிரி செஞ்ச ஆளுகளுக்கு நானே குறிப்பாணை குடுத்துருக்கேன்."

"இல்லாத பேர நீங்க படிவத்துல போடலாம். அதையே பாய் கார்டுல போடக் கூடாதா?"

அந்தக் கேள்வியை நிலுவையில் வைத்தேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்: "தை பத்து வரைக்கும் எனக்கு டைம் குடு. முறைப்படி வாங்கித் தாரேன்."

"வரலைன்னா?"

"வேன்லயும் பெட்டியிலயும் புதுப் பேரு எழுதற செலவு என்னோடது."

"எழுதற செலவக் குடுத்துருவீங்க. பழைய பேரத் தேடி வர்ற ஆள யாரு குடுப்பா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க விதிய வச்சு எனக்கு ஒரு முழம் பூ கட்ட முடியுமா அத்தான்? சரி, பண்ணுங்க. ஆனா திரும்பி வந்தா எம்பேருல மாத்திரணும். இங்கிலீசுல கேட்டா நான் தமிழ்ல பதில் சொல்லிக்கிறேன்."

நியாயமான கோரிக்கை. மூன்று வருடத்துக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டியது.

பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் இன்னொரு பெயரும் இருப்பவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதற்கு நம்மிடம் அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு. இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். என் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட உறுதிமொழிகளை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். எனக்காக ஒன்று எழுதுவேன் என்று நினைக்கவில்லை. கோர்ட் பக்கம் போனேன். வாசகத்தை ஆங்கிலத்தில் நானே தயாரித்திருந்தேன். தட்டச்சு செய்ய உட்கார்ந்த அம்மாள் பாதியில் நிறுத்தினார்.

"சார், இந்த நாட் அப்ளிகபிள்ங்கறவரு உங்க கூடப் பொறந்தவரா?"

"நான்தாம்மா."

"ஓ, வீட்ல கூப்புடுற பேரா?"

"இப்ப அப்படித்தான் கூப்புடுறாங்க."

அவர் தாளைச் சரிசெய்துகொண்டார். மேற்படி நபரும் நாட் அப்ளிகபிள் என்பவரும் ஒருவரே, இருவர் அல்லர் என்று அடித்து முடித்தார். நோட்டரி படிக்காமலே கையெழுத்திட்டார். முப்பத்து மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது ஒரு வரம்.

ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. வெளிநாட்டு அழைப்பு, ஒரு பக்கம் போய்ச் சேர ஆறு நிமிடம். மூன்றாம் நாள் பதில் வந்தது, அதுவும் இயந்திரம் எழுதியது: ஆவணம் படிக்க முடியாத அளவுக்குக் கறுப்பாக இருக்கிறது. முத்திரைத்தாளின் பச்சைப் பூவேலை அத்தனையையும் ஃபேக்ஸ் இயந்திரம் மையாக மாற்றி அனுப்பியிருந்தது. கள்ளத்தனம் நடக்காமல் இருக்க அரசாங்கம் போட்ட பூ அது. மறுபடி கோர்ட்டுக்குப் போய், வெள்ளைத் தாளில் அடித்து, உண்மை நகல் என்று நோட்டரியிடம் சான்று வாங்கி, மறுபடி ஆறு நிமிடம்.

என் கோரிக்கைக்கு அவர்கள் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எண் இருந்தால் அது கோப்பு. கோப்பு என்றால் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. மேசை என்றால் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான். வாரம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். 'பார்வை: ஒன்று, இரண்டு, மூன்று' என்று முன் கடிதங்களையெல்லாம் வரிசையாகக் குறித்து, தமிழர்களுக்குக் கடைசிப் பெயர் ஏன் இல்லை என்று ஒரு பத்தி, காலிக் கட்டம் ஏன் கூடாது என்று ஒரு பத்தி. பாய் தட்டித் தட்டிக் களைத்தார். பதில் இல்லை. தை பிறந்தது. பொங்கலன்று கொழுந்தியாள் வீட்டிலிருந்து கரும்பு வந்தது, அவள் வரவில்லை.

நான்காவது நினைவூட்டின் வரைவை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இஞ்சி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இம்புட்டு எழுதுறதுக்கு, தப்பு எம்மேலதான்னு ஒரு வரி எழுதலாம்ல?"

"விதிப்படி நான் எழுதுனது சரி."

"விதிப்படி சரி. சீட்டாடுறது யாரு?"

வரைவைத் திரும்பப் படித்தேன். இரண்டு பக்கத்தில் கொழுந்தியாள் எங்குமே இல்லை. பார்வை எண்கள் இருந்தன, நான் இருந்தேன். கிழித்துவிட்டு நான்கு வரிகள் எழுதினேன். அந்தக் கட்டத்தைத் தவறாக நிரப்பியது நான். இந்தக் கடை என்னுடையது அல்ல. என் மனைவியின் தங்கை நடத்துவது. இந்த மாதம் போனால் அவளுக்கு இந்த வருடமே போனது. பெயரை மீட்டு, அவள் பெயருக்கு மாற்றித் தாருங்கள். முதல் முறையாக ஒரு கடிதத்தைப் பார்வை இல்லாமல் அனுப்பினேன். பாய் திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு சார்ஜ் வேணாம் சார்" என்றார்.

மாற்றப் படிவத்தை முன்கூட்டியே தயாராக வைத்தோம். கடைசிப் பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று தொலைபேசியில் அவளைக் கேட்டேன்.

"எங்கய்யா பேரப் போடுங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவளுடைய அய்யா என் மாமனார். உயிரோடு இருந்த காலத்தில் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொன்னவர். போட்டேன்.

பதில் எந்தக் கடிதத்துக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. உறுதிமொழிக்கு என்று நான் சொல்கிறேன், நாலு வரிக்கு என்று மனைவி சொல்கிறாள். 'அன்புள்ள திரு. நாட் அப்ளிகபிள், தங்கள் அடையாளம் சரிபார்க்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று தொடங்கியது. கட்டணம் கிடைத்ததும் பெயர் விடுவிக்கப்படும், மாற்றமும் செய்யப்படும் என்று கீழே ஒரு ஆள் தன் பெயரைப் போட்டிருந்தான். அவனுக்கும் ஒற்றைப் பெயர்தான். மீட்புக் கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து கட்டினேன். அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான். சாயங்காலம் கொழுந்தியாள் கூப்பிட்டாள். சீட்டுக்கட்டு போய் மல்லிகை வந்துவிட்டது, லண்டனிலிருந்து ஒரு ஆர்டரும் வந்திருக்கிறது, இனி வாசித்துக் காட்ட வேண்டாம், அவளே நிலக்கோட்டையில் பார்த்துக்கொள்கிறாள் என்றாள். பாய் அச்செடுத்துக் கொடுத்த தாளின் தலையில், பழக்கம் விடாமல், சிவப்பு மையில் எழுதிவைத்தேன்: பதில் பெறப்பட்ட நாள், தை எட்டு.